சேர்ந்த வீடும் சேர்த்த வீடும்: பினாங்கு இல்ல அலங்காரம் பற்றி ஓர் ஆராய்ச்சி

1. கேள்வி

வீட்டு அலங்காரம் பற்றி எழுதுவோர் அண்மைக் காலமாக ஒரு லட்சியத்தை ஓயாமல் முன்வைத்து வருகிறார்கள். ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய சாமான்களால் நிரப்பிய வீடு சீக்கிரத்தில் அலுத்துவிடும் என்றும், பல தலைமுறைகளாகப் பல தேசங்களிலிருந்து ஒவ்வொன்றாக வந்து சேர்ந்த பொருள்கள் தம்முள் இணங்கி நிற்கும் வீடே எக்காலத்திலும் பழசாகாதது என்றும் அவர்கள் சொல்கிறார்கள். இக்கருத்தோடு எனக்குப் பிணக்கு ஒன்றுமில்லை. அதை அடைவதற்கு அவர்கள் கூறும் உபாயத்தில்தான் சந்தேகம். பழஞ்சாமான் கடைக்குச் சென்று பித்தளை அண்டா ஒன்று, பிரம்பு நாற்காலி இரண்டு, மங்கிப்போன நிலைக்கண்ணாடி ஒன்று என்று பார்த்து வாங்கி, அவற்றை ஓர் அலங்கார நிபுணரின் யோசனைப்படி இடம் பார்த்து வைத்தால் போதும் என்பது அந்த உபாயம். பாட்டனும் பாட்டியும் பெற்றோரும் பிள்ளைகளுமாக மூன்று தலைமுறைகள் செய்து முடித்த ஒரு காரியத்தை ஒரு மாதச் சம்பளத்தைக் கொண்டு செய்துவிட முடியுமா?

இதை ஆராய்வதற்குப் பினாங்கைவிடத் தக்க இடம் எளிதில் வாய்ப்பதில்லை. 1786ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் தேதி பிரான்சிஸ் லைட் அங்கே ஆங்கிலக் கொடியை ஏற்றிய நாள்முதல், சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற சூலியா எனப்பட்ட தமிழ் முஸ்லிம் வணிகரும், செட்டிநாட்டு நகரத்தாரும், கூலிக்காரரும், கைதிகளும், சீனரும், ஆச்சே நாட்டவரும், அரபியரும், ஆர்மீனியரும் தத்தம் பெட்டிகளோடு வந்து இறங்கிய துறைமுகம் அது. ஜார்ஜ் டவுனிலிருந்து மலையடிவாரம் நோக்கிச் செல்லும் சாலையின் முடிவில் கிடக்கும் ஆயர் ஈத்தாம் என்னும் பகுதியில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தோட்ட மாளிகை ஒன்றும், இருபதாம் நூற்றாண்டின் கோயில் கோபுரம் ஒன்றும், அரசாங்கம் கட்டிய அடுக்குமாடி வீடுகளும் அடுத்தடுத்து நிற்கின்றன. நமது கேள்விக்கு வேண்டிய சாட்சிகளில் பெரும்பகுதி இம்மூன்றிடத்தும் கிடைக்கும். எஞ்சியது ஜார்ஜ் டவுனிலும், கடல் கடந்து செட்டிநாட்டுக் காரைக்குடியிலும் இருக்கிறது.

2. இதுவரை சொல்லப்பட்டவை

மேல்நாட்டில் இவ்விஷயத்தைத் தீவிரமாக எடுத்துக்கொண்டவர்களில் வில்லியம் மாரிஸ் முதன்மையானவர். 1880ஆம் ஆண்டில் பர்மிங்காம் நகரில் நிகழ்த்திய சொற்பொழிவில், வீட்டில் ஒரு பொருள் இருக்கலாமா கூடாதா என்பதற்குப் பயன், அழகு என்னும் இரண்டையே அவர் பிரமாணமாக வைத்தார். பதினேழு ஆண்டுகளுக்குப் பின், நாவலாசிரியை ஈடித் வார்ட்டன், ஆக்டன் காட்மன் என்னும் கட்டடக் கலைஞரோடு சேர்ந்து வீட்டு அலங்காரம் பற்றி எழுதிய நூலில், அலங்காரம் என்பது திரைச்சீலையிலும் சில்லறைப் பொம்மைகளிலும் இல்லை, அறையின் அளவுப் பொருத்தத்திலேயே இருக்கிறது என்று வாதித்தார். இருவர் கருத்துகளும் மதிக்கத் தக்கவை. ஆயினும், ஒருவர் பொருளைத் தனியே நிறுத்தி எடைபோட்டார். மற்றவர் அறையை எடைபோட்டார். அந்தப் பொருள் அந்த வீட்டுக்குள் எந்த வழியாக, யார் கையால், எதை முன்னிட்டு வந்தது என்ற கேள்வியை இருவருமே முக்கியமாகக் கொள்ளவில்லை.

அக்கேள்விக்கு அருகில் வந்தவர் ஆனந்த குமாரசுவாமி. கொழும்பில் பிறந்த தமிழரின் மைந்தரும், பாஸ்டன் நகரத்துக் கலைக்கூடத்தில் 1917 முதல் பணியாற்றியவருமான அவர், கலைக்கூடத்துக்குள் அமர்ந்துகொண்டே கலைக்கூடங்களைக் கண்டித்தார் என்பது அவருடைய விசேஷம். உண்பதற்கும் உடுப்பதற்கும் வழிபடுவதற்குமாகச் செய்த பொருள்களை அவற்றின் காரியத்திலிருந்து பிரித்துக் கண்ணாடிக்குள் வைத்துப் பார்ப்பது, அவற்றை அறிந்துகொள்வதாகாது என்பது அவர் துணிபு. இதை வீட்டுக்கும் பொருத்திப் பார்க்கலாம். முன்கூடத்தில் வெறுமனே நிற்கும் உரல், முன்கூடத்தில் இருந்தாலும் கலைக்கூடத்துப் பொருளே.

நம் இலக்கியத்தில் இந்த நோக்கு புதிதன்று. நெடுநல்வாடையில் அரசியின் கட்டிலைக் கூற வந்த நக்கீரர், அதன் வேலைப்பாட்டில் இறங்குமுன், நாற்பது வயது நிரம்பிப் போரில் பட்ட களிற்றின் தந்தத்தால் அது ஆயிற்று என்கிறார். கட்டிலின் அழகைக் காட்டிலும் கட்டிலின் பிறப்பு முன்னே வந்து நிற்கிறது. பொருளுக்கு ஒரு வரலாறு உண்டென்பதும், அவ்வரலாறு தெரிந்தவர் வீட்டில்தான் அதற்கு முழு மதிப்பு என்பதும் அன்றே நம்மவர்க்குத் தெரிந்திருந்தன.

3. கிட்டங்கியும் வளவும்

காலங்கடந்த வீடு என்றதும் தமிழர் மனத்தில் எழுவது வளவு எனப்படும் செட்டிநாட்டு வீடு. பர்மாத் தேக்குத் தூண்கள், இத்தாலியச் சலவைக்கல், பெல்ஜியம் கண்ணாடி, ரவி வர்மா அச்சகத்தின் வண்ணப்படங்கள், சுவீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்த மங்குச் சாமான்கள், ஆத்தங்குடிக் கல் பதித்த தளம் என்று அதன் உடைமைகளை அடுக்காத பத்திரிகை இன்று இல்லை. ஆனால் அவ்வீடுகளை இன்று பார்த்து வியப்போர் மறந்துவிடும் ஓர் உண்மை உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி இரண்டாம் உலக யுத்தம் வரையில் அவை எழுந்தபோது, அவற்றுள் வைக்கப்பட்டவை யாவும் அக்காலத்தின் புத்தம்புதிய சரக்குகள். சுவீடன் தேசத்து மங்குத் தூக்கு அன்றைய ஆச்சிக்குப் பழம்பொருள் அன்று. துருப்பிடிக்காத, கனமில்லாத, ஊரில் யாரிடமும் இல்லாத நவீன சாதனம். ரவி வர்மாவின் லட்சுமி 1894க்குப் பின் இயந்திரத்தில் ஆயிரக்கணக்கில் அச்சான படம். இன்று காலத்தால் அழியாத ரசனை என்று போற்றப்படுவது, அன்று காலத்தோடு ஒட்டி நின்ற ரசனையே.

ஆத்தங்குடிக் கல்லையே சற்று நெருங்கிப் பார்ப்போம். சதுரமான கண்ணாடித் தகட்டின்மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூவேலை அச்சை இருத்தி, சாயம் கலந்த சிமெண்டுக் குழம்பை ஒவ்வொரு கண்ணறையிலும் கரண்டியால் ஊற்றி, அச்சை அசையாமல் தூக்கிவிட்டு, அதன்மேல் உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, பின்னும் ஈரக் கலவை இட்டு மட்டம் செய்து, காய்ந்தபின் தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து எடுக்கிறார்கள். சூளையில் சுடுவதே இல்லை. கண்ணாடியிலிருந்து பிரித்தெடுக்கும்போது அக்கண்ணாடியின் வழவழப்பே கல்லின் முகமாகிவிடுகிறது. கால்கள் நடக்க நடக்க அந்த மெருகு கூடுமே தவிரக் குறையாது. வெளிநாட்டு ஓடுகளைப் பார்த்த கண்ணோடும் உள்ளூர் மணலோடும் உருவான கைத்தொழில் அது. வெளிநாட்டுச் சரக்கைச் சேர்த்ததைக் காட்டிலும் இப்படி உள்ளூரில் ஒன்றைப் பிறப்பித்ததையே நான் செட்டிநாட்டின் பெரிய சாதனையாக எண்ணுகிறேன்.

இப்படிப்பட்ட வீட்டுக்குப் பொருள் ஈட்டியவர் பினாங்கில் எப்படி வாழ்ந்தார் என்பது கவனிக்கத் தக்கது. கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன நகரத்தார் மூன்றாண்டுத் தவணையில், பெரும்பாலும் மனைவி மக்களை ஊரிலேயே விட்டுவிட்டுச் சென்று, பினாங்கு வீதிப் பக்கத்துக் கிட்டங்கிகளில் தங்கினார்கள். நீண்ட கூடம், இருபுறமும் ஒவ்வொரு கடைக்கும் உரிய இடம், அந்த இடத்தில் ஒரு பாய், ஒரு மரப்பெட்டி, சாய்வான சிறு எழுது மேசை, சுவரில் சாமி படம். பகலில் லேவாதேவி, இரவில் அதே தரையில் தூக்கம். ப. சிங்காரம் 'புயலிலே ஒரு தோணி' என்னும் நாவலில் காட்டும் பினாங்கும் மெடானும் இந்த உலகத்துக்கு அண்டை வீடுகளே. கிட்டங்கியை யாரும் அலங்கரிக்கவில்லை. ஆனால் அந்த வெறுமைதான் காரைக்குடி வளவின் செழுமைக்கு முதலீடு.

வளவுக்குள் சென்ற பொருள்கள் தங்கியதற்குக் காரணம் என்ன? ரசனை என்று மட்டும் சொல்வது சரித்திரம் ஆகாது. கட்டடம் பங்காளிகளுக்குப் பொதுச்சொத்து. மணமான ஒவ்வொரு மகனும் ஒரு புள்ளியாகி (தனிக் குடும்பமாகி) ஓர் அறைக்கு உரியவன் ஆகிறானேயன்றி, முழு வீட்டை மாற்றவோ விற்கவோ தனியொருவனுக்கு அதிகாரம் கிடையாது. உள்ளே இருக்கும் பாத்திரம் பண்டங்களோ பெரும்பாலும் பெண்கள் வழியாக வந்தவை. திருமணத்தில் சாமான் பரப்புதல் என்றொரு சம்பிரதாயம் உண்டு: பெண்ணுக்குக் கொடுக்கும் வெள்ளி, பித்தளை, எவர்சில்வர், மங்கு, மரச்சாமான் அனைத்தையும் கூடத்தில் வரிசையாகப் பரப்பி உற்றார் பார்க்க வைப்பார்கள், பட்டியலும் எழுதிக்கொள்வார்கள். ஆகவே கட்டடம் ஆண்வழியில் அசையாமல் நின்றது. அதன் உள்ளடக்கம் பெண்வழியில் பெயர் குறிக்கப்பட்டு வந்துசேர்ந்தது. விற்பதற்குத் தடையும், வருவதற்குச் சந்தர்ப்பமும் ஒருங்கே அமைந்த இடத்தில் பொருள்கள் சேராமல் என்ன செய்யும்? அத்தடை தளர்ந்தபோது நடந்ததையும் பார்க்கிறோம். 1941 டிசம்பரில் பினாங்கிலும் 1942இல் பர்மாவிலும் ஜப்பானியர் புகுந்தபின், கடல் கடந்த வியாபாரம் முறிந்தது. பராமரிக்க இயலாத வீடுகள் பின்னாளில் தூண் தூணாகப் பிரிக்கப்பட்டன. அத்தூண்களும் நிலைகளும் காரைக்குடி முனீசுவரன் கோயில் வீதிக் கடைகளின் வழியாகத் தேசமெங்கும் போய், இன்று வேறு யாரோ ஒருவருடைய காலங்கடந்த வீட்டை அலங்கரிக்கின்றன.

4. மாளிகைகள் இரண்டு

ஆயர் ஈத்தாம் ஆற்றங்கரையில் நிற்கும் சஃபோக் மாளிகை நமது கேள்விக்கு மாறான திசையிலிருந்து வெளிச்சம் தருகிறது. லைட்டின் மிளகுத் தோட்டம் இருந்த இடம் அது. ஆனால் அவர் 1794இலேயே மறைந்தார். இன்று நிற்கும் செங்கல் மாளிகை பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆளுநர் வில்லியம் பிலிப்ஸின் காலத்தை ஒட்டி எழுந்தது என்று கொள்வதே பொருத்தம். காப்டன் ராபர்ட் ஸ்மித் வரைந்து வில்லியம் டேனியல் செதுக்கி 1821இல் வெளிவந்த பினாங்குக் காட்சிகளில் இம்மாளிகையும் ஒன்று. அகன்ற தாழ்வாரமும் உயர்ந்த கூடமும் கொண்ட இவ்வமைப்பு, சென்னையில் அடையாற்றங்கரையிலும் நுங்கம்பாக்கத்திலும் கும்பினி அதிகாரிகள் கட்டிக்கொண்ட தோட்ட வீடுகளுக்கு உறவினம். நம் கடற்கரையில் பழகிய ஒரு வீடு, கப்பலேறிப் போய் மலாய் மண்ணில் ஊன்றிக்கொண்டது என்று சொன்னால் மிகையாகாது.

பின்பு அது மெதடிஸ்ட் ஆண்கள் பள்ளியின் உடைமையாயிற்று; இடிந்துவிழும் அபாயத்தால் 1975இல் கைவிடப்பட்டது; நெடுநாள் பாழாய்க் கிடந்து, 2007இல் செப்பனிட்டு முடிக்கப்பட்டு, மறுவருஷம் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதையும் பெற்றது. கட்டடப் பாதுகாப்பு என்ற முறையில் அது பாராட்டுக்கு முழு உரிமை உடையது. ஆனால் வீட்டுக்குள் இருந்த வாழ்க்கை போய்விட்டது. அதைத் தச்சரும் கொத்தரும் மீட்டுத்தர முடியாது. இப்போது உள்ளே இருப்பவை இக்காலத்துக்கு இசைவான நாற்காலி மேசைகள். இடம் அழகாக இருக்கிறது. யாருடைய இடம் என்று கேட்டால் பதில் இல்லை.

ஜார்ஜ் டவுனில் சர்ச் வீதியில் உள்ள பெரானாக்கான் மாளிகை இதற்கு நேரெதிர். அங்கே கட்டடமும் உண்டு, ஆயிரத்துக்கு மேற்பட்ட அரும்பொருள்களும் உண்டு. கிளாஸ்கோ வார்ப்பிரும்புத் தூண்கள், இங்கிலாந்து ஓடுகள், முத்துச்சிப்பி பதித்த கருமர ஆசனங்கள் என்று கண் இமைக்க மறக்கும். ஆனால் 1890களில் அதைக் கட்டிய கப்பித்தான் சுங் கெங் குவீ பெரானாக்கான் சமூகத்தவர் அல்லர், ஹக்கா சீனர். உள்ளிருக்கும் பொருள்களைப் பிற்காலத்தில் ஒரு சேகரிப்பாளர் பல குடும்பங்களிலிருந்தும் திரட்டி, ஒரு பெரானாக்கான் குடும்பம் வாழ்ந்தால் எப்படி இருந்திருக்கும் என்று அமைத்துக் காட்டியிருக்கிறார். இதில் மோசடி ஒன்றுமில்லை. அரிய சேவை என்றே சொல்லவேண்டும். எனினும் இது சேர்ந்த வீடு அன்று, சேர்த்த வீடு. அலங்கார நிபுணர்கள் தம் வாடிக்கையாளருக்கு முன்மாதிரியாகக் காட்டுவதோ பெரும்பாலும் இத்தகைய மாளிகைகளையே.

5. வாடகைச் சட்டமும் வீட்டுச் சாமானும்

செட்டிநாட்டில் பங்காளி உரிமை செய்த காரியத்தை, ஜார்ஜ் டவுனில் ஒரு சட்டம் செய்தது. 1948 ஜனவரி 31க்கு முன் கட்டப்பட்ட வீடுகளின் வாடகையைக் கட்டுப்படுத்திய 1966ஆம் வருஷத்துச் சட்டம், வாடகை சொற்பமாயிருந்தபடியால் வீட்டுக்காரரைச் செலவழிக்க விடவில்லை. குடியிருப்பவரை வெளியேறவும் விடவில்லை. ஆகவே அஞ்சடி எனப்படும் முன்நடைபாதையை ஒட்டிய கடைவீடுகளில் சுவரும் ஓடும் சிதைந்தாலும், தாத்தா காலத்து மேசையும் மாடிப்படியும் வானவெளி முற்றமும் இருந்தபடியே இருந்தன. நகரத்தின் பழமையைக் காப்பாற்றியது பழமையின்மேல் இருந்த பக்தி என்று எண்ணுவோர் இச்சட்டத்தைச் சற்று யோசித்துப் பார்க்கவேண்டும்.

1997இல் அச்சட்டம் நீக்கப்பட்டு, 2000 ஜனவரி முதல் கட்டுப்பாடு அடியோடு ஒழிந்தது. வாடகை ஏறியது. கடைவீடுகளில் இரண்டு மூன்று தலைமுறை வாழ்ந்த எளிய குடும்பங்கள் பல புறநகர் அடுக்குமாடிகளுக்கும் அக்கரை நிலப்பகுதிக்கும் பெயர்ந்தன. பெரிய மேசையும் இரும்புக் கட்டிலும் மின்தூக்கிக்குள் நுழையா; ஆகவே அவற்றை விற்றார்கள். 2008 ஜூலையில் நகரம் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியபின், அதே சாமான்கள் தங்கும் விடுதிகளிலும் காப்பிக் கடைகளிலும் மீண்டும் தோன்றின. கால்மிதித் தையல் இயந்திரத்தின் இரும்புக் காலின்மேல் சலவைக்கல்லை ஏற்றிக் காப்பி மேசையாக்கிய காட்சியைப் பினாங்கில் காணாதவர் இல்லை. எந்தப் பெண் அந்த மிதியை அழுத்தி எத்தனை பிள்ளைகளைப் படிக்கவைத்தாள் என்பது அங்கே காப்பி குடிப்பவருக்கும் தெரியாது, கொடுப்பவருக்கும் தெரியாது. லோரோங் கூலிட் பழஞ்சந்தையில் பித்தளைக் குத்துவிளக்கு பேரம் பேசப்படும்போதும் இதே நிலைதான்.

6. அடுக்குமாடியின் முன்கூடம்

இனி ஆயர் ஈத்தாமின் மறு பகுதிக்கு வருவோம். சீனக் கோயிலாகிய கெக் லோக் சீயின் ஏழுநிலைக் கோபுரம், அடியில் சீன மரபும் நடுவில் தாய்லாந்து மரபும் முடியில் பர்மிய மரபுமாக 1930இல் முடிந்தது. மூன்று தேசத்துக் கட்டுமானம் ஒரே உடலாக நிற்கும் அதைப் பார்த்துப் பழகிய மக்கள், பல ஊர்ப் பொருள்கள் ஒரே அறையில் இருப்பதைக் குழப்பம் என்று கருதாததில் ஆச்சரியமில்லை. அக்கோபுரத்துக்குத் தொலைவில்லாத பாடாங் தெம்பாக்கில், துப்பாக்கிப் பயிற்சித் திடல் இருந்த இடத்தில், 1969ஐ ஒட்டி எழுந்த பதினேழு, பதினெட்டு மாடிக் குடியிருப்புகள் மலேசியாவின் ஆரம்பகால உயர்மாடி அரசு வீடுகளில் சேர்ந்தவை. வீடு ஒவ்வொன்றும் மிகச் சிறிது. முன்கூடம் என்பது நாலைந்து பேர் அமர்ந்தால் நிரம்பிவிடும் இடம்.

அத்தகைய குடியிருப்புகளில் நெடுங்காலம் வாழ்ந்துவரும் தமிழ்க் குடும்பம் ஒன்றின் முன்கூடம் எவ்வாறு இருக்கும் என்பதை அறிந்தோர் பலர். இரும்புக் கம்பிக் கதவைத் திறந்ததும் எதிரே கண்ணாடி அலமாரி. அதன் மேல்தட்டில் பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கோப்பைகள்; நடுத்தட்டில் தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை, சீன அண்டை வீட்டார் கொடுத்த பீங்கான் தேநீர்க் கிண்ணங்கள், மலாய்த் தோழியின் கல்யாணத்தில் கிடைத்த வெகுமதி; கீழ்த்தட்டில் ஆண்டுக்கொரு முறை வெளியே வரும் எவர்சில்வர். சுவரின் ஒரு மூலையில் சாமி மேடை. அங்கே கோவில்பட்டி கொண்டையராஜு வழிவந்த முருகனோ மீனாட்சியோ, சிவகாசியில் அச்சாகிக் கடைக்காரர் அளித்த நாள்காட்டியின் தேதித் தாள் கிழிபட்டுத் தீர்ந்தபின் சட்டம் போடப்பட்டுத் தெய்வமாகிவிட்ட படம். அதற்குப் பக்கத்திலேயே, குதிரைப் பந்தய நாளைக் குறிக்கும் நாள்காட்டி. மறைந்த தாத்தாவின் மாலையிட்ட படம் சாமிக்குச் சற்றுத் தாழ. உணவு மேசையின்மேல் மலாய்க்காரர் பின்னிய கூம்புமூடி. இவற்றில் ஒன்றையாவது அலங்காரம் என்று எண்ணி யாரும் வாங்கவில்லை.

அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து ஒரு பித்தளைச் சொம்பை எடுத்துப் பாருங்கள். கழுத்துக்குக் கீழே, உளியின் நுனியால் புள்ளி புள்ளியாகத் தட்டி வெட்டிய எழுத்துகள் இருக்கும்: ஒரு தலைப்பெழுத்து, ஒரு பெயர், சில சமயம் ஒரு தேதி. பாத்திரக் கடைக்காரர் வாசலில் உட்கார்ந்து பெயர் வெட்டுபவர் அந்தப் பெயரை எழுதிய நாள், ஒரு கல்யாணத்துக்கோ வளைகாப்புக்கோ முந்திய நாளாக இருக்கும். தமிழர் வீட்டுப் பாத்திரத்தில் உரிமைப் பத்திரமும் வரலாற்றுக் குறிப்பும் சேர்ந்தே பொறிக்கப்படுகின்றன. ஐரோப்பியச் சேகரிப்பாளர் பட்டியல் புத்தகத்தில் எழுதி வைப்பதை நம் பாட்டிமார் உலோகத்திலேயே எழுதிவைத்தார்கள்.

மாரிஸின் பிரமாணத்தை இவ்வறைக்கு வைத்துப் பார்த்தால் பாதிப் பொருள்கள் தேறா. அங்கே காணும் பிளாஸ்டிக் பூவும் பிளாஸ்டிக் கடிகாரமும் அவர் கண்ணுக்கு உறுத்தலாகவே படும். எனக்கும் உறுத்துகிறது, மறைப்பானேன். ஆனால் சந்தர்ப்பத்தோடு வந்தது, போகவிட மனமில்லாமல் தங்கியது என்ற இரண்டு லட்சணங்களையும் கொண்டு பார்த்தால், நாம் கண்ட வீடுகளுக்குள் காரைக்குடி வளவுக்கு மிக நெருங்கிய உறவு இந்தச் சிறிய முன்கூடமே. இடம் குறுகியதாயிருப்பது இங்கே ஒரு நன்மையும் செய்கிறது. புதிதாக ஒன்று வரவேண்டுமானால் பழையது ஒன்று எழுந்து இடம் தரவேண்டும். எதைத் தக்கவைப்பது என்ற தீர்ப்பு தீபாவளிதோறும் நடக்கிறது.

7. புதுப்பிக்கத் தக்கவை

காலத்தை வெல்வது கெட்டித்தன்மை என்று பொதுவாக நினைக்கிறோம். பினாங்கின் ஈரக்காற்று வேறு பாடம் சொல்கிறது. சுண்ணாம்புப் பூச்சுள்ள செங்கற்சுவர் ஈரத்தை வாங்கி, வெளியே விட்டுவிடும்; அதன்மேல் சிமெண்டைப் பூசி அடைத்தால், ஈரம் உள்ளே தங்கி, உப்புப் பூத்து, சுவரையே உதிர்க்கும். ஜார்ஜ் டவுனின் லீத் வீதியில் உள்ள சியோங் ஃபாட் சீ மாளிகை நீலமாக இருப்பது, சுண்ணாம்பில் இந்தியாவிலிருந்து வந்த அவுரி நீலத்தைக் கலந்து அடித்ததால்; கெட்டியான வர்ணத்தை விட்டு அதே நீறுக்குத் திரும்பியதனாலேயே அதைச் செப்பனிட்ட பணி சிறந்தது. வெள்ளையடித்தல் ஆண்டுதோறும் மங்கும், ஆண்டுதோறும் புதிதாகும். புளியிட்டு விளக்கிய பித்தளையும், பின்னல் அறுந்தால் மறுபடி பின்னத்தக்க பிரம்பு நாற்காலியும், முளை கழற்றி மாட்டத்தக்க தேக்குக் கட்டிலும் இவ்வினத்தவை. மரத்தூளை ஒட்டிச் செய்த அலமாரி ஒரு மழைக்காலத்தில் உப்பினால் அதற்கு மருந்து இல்லை. புதிய வீட்டுக்குச் சாமான் வாங்குவோர்க்கு என்னால் சொல்லக்கூடிய நடைமுறை யோசனை இது ஒன்றே: பழசாகத் தெரிவதை வாங்கவேண்டாம், பழுதுபார்க்கக் கூடியதை வாங்குங்கள்.

8. ஆட்சேபங்களும் முடிபும்

இவ்வாதத்துக்கு எதிராக இரண்டு ஆட்சேபங்கள் எழலாம். வறுமையினால் தூக்கி எறிய முடியாதிருந்ததை ரசனை என்று பெயரிட்டுப் போற்றுகிறாயே என்பது முதலாவது. ஓரளவு உண்மைதான், ஆனால் செல்வரின் வளவிலும் எளியவரின் மாடிவீட்டிலும் ஒரே விளைவைக் காணும்போது, அதற்கு வறுமை மட்டும் காரணமாகாது என்பது தெளிவு. இரண்டாவது ஆட்சேபம் கனமானது. வெள்ளிக்கிழமைதோறும் விளக்குத் துலக்கியது யார், அண்டாவுக்கு ஈயம் பூச நினைவுவைத்துக் கொடுத்தனுப்பியது யார், எந்தத் தட்டு எந்த அத்தை தந்தது என்று மனத்தில் வைத்திருந்தது யார்? பெண்களே. சேர்ந்த வீடு என்று நாம் மெச்சுவதன் பெரும்பகுதி கூலியில்லாத அவர்கள் உழைப்பு. வேலைக்குச் செல்லும் இன்றைய மகள் அவ்வுழைப்பை மறுத்தால், அவளைக் குறைகூற நமக்கு நியாயமில்லை. வீட்டிலுள்ள ஆண்கள் புளியைக் கையில் எடுத்தால் இவ்வாட்சேபத்தின் பாதி தீரும்.

ஆகவே தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு என் விடை இது: காலங்கடந்த வீட்டின் தோற்றத்தைப் பணம் கொடுத்து வாங்கலாம், அத்தகைய வீட்டை வாங்க முடியாது. பெரானாக்கான் மாளிகை சேகரிப்பு என்ற வகையில் உயர்ந்தது, சஃபோக் மாளிகை கட்டடம் என்ற வகையில் உயர்ந்தது; வீடு என்ற வகையில் ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியின் முன்கூடமே அவ்விரண்டிலும் உயர்ந்தது.

அந்த முன்கூடங்களும் இப்போது காலியாகி வருகின்றன. பெரியவர்கள் மறைகிறார்கள், பிள்ளைகள் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விடுகிறார்கள், ஒலிபெருக்கி வைத்துப் 'பேப்பர் லாமா' (பழைய காகிதம்) என்று கூவிவரும் வண்டிக்காரரிடம் ஒரே பிற்பகலில் எல்லாம் எடைக்குப் போய்விடுகிறது. எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள யாராலும் இயலாது. வைத்துக்கொள்ளும்படி நான் கேட்கவுமில்லை. வண்டிக்காரரை அழைக்குமுன், வீட்டில் மூத்தவர் ஒருவரை உட்காரவைத்து, ஒவ்வொரு பாத்திரத்தையும் படத்தையும் எடுத்துக் காட்டி, இது யார் கொண்டுவந்தது, எந்த ஆண்டு, எந்த விசேஷத்துக்கு என்று கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு விற்பதா வைத்துக்கொள்வதா என்று முடிவு செய்யலாம்.